பனிப் பாதைக்கும் கட்டணம்!

அமெரிக்காவில் மிச்சிகன் என்று ஒரு மாநிலம். குளிர்காலத்தில் அங்கே எங்கு பார்த்தாலும் பனி!

அந்தப் பனியில் ஓடும் வண்டிதான் 'ஸ்நோமொபைல்'. இதற்குச் சக்கரம் கிடையாது. முன்னால் சறுக்குக் கட்டைகள்; பின்னால் சுழலும் ரப்பர் பட்டை.

இந்த வண்டிகளுக்காகவே 6 ஆயிரம் மைலுக்கு மேல் பாதைகள் உண்டு. வண்டிகள் ஓட ஓட, பாதை மேடும் பள்ளமும் ஆகிவிடும். உள்ளூர்ச் சங்கங்கள் இயந்திரம் ஓட்டி அதைச் சமப்படுத்துகின்றன.

செலவுக்குப் பணம்? வண்டி ஓட்டுகிறவர்கள் ஆண்டுதோறும் வாங்கும் அனுமதிச் சீட்டு கைகொடுக்கிறது.

விலைவாசிக்கு ஏற்ப, 5 ஆண்டுக்கு ஒரு முறை இந்தக் கட்டணம் மாறும். 48 டாலராக இருந்தது, 2021ல் 52 டாலர் ஆயிற்று.

4 டாலர் கூடினால் கை கடிக்கத்தான் செய்யும். ஆனால், பாதை கெட்டுப்போனால் வண்டி இருந்தும் பயன் இல்லையே!