ஒரு சிறுநீரகம் போதுமா?



வயிற்றினுள் வளர்ந்த கட்டியை அகற்றியபோது சிறுநீரகம் ஒன்றையும் எடுக்க நேர்ந்தது என்று வைத்தியர் கூறக் கேட்டால், எந்த நோயாளியின் உள்ளமும் துணுக்குறும். "இரண்டில் ஒன்று போயிற்றே, இனி என் உயிருக்கு என்ன உறுதி?" என்று அவர் கலங்குவது இயல்பே. அக்கலக்கத்துக்கு விடை காண முயல்வோம்.

நல்ல உறுப்பை ஏன் எடுக்கவேண்டும்? சிறுநீரகங்கள் வயிற்றின் பின்புறத்தே, முதுகெலும்பின் இரு மருங்கிலும் உள்ளன. அவ்விடத்தில் தோன்றும் புற்றுக்கட்டி சிறுநீரகத்தைச் சூழ்ந்து வளர்வதுண்டு. கட்டியில் சிறு பங்கு எஞ்சினும் அது மீண்டும் வளரக்கூடும். ஆதலால் இரண்டையும் சேர்த்தே அகற்றுகின்றனர். அதற்கு முன்னர், மற்றைய சிறுநீரகம் செவ்வையாகத் தொழிற்படுகின்றதா என்று சோதிப்பர்.

ஒற்றைச் சிறுநீரகத்துடன் மனிதர் வாழலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் ஜேர்மனி நாட்டு ஹைடெல்பேர்க் நகரத்துச் சத்திரவைத்தியர் குஸ்தாவ் சீமோன். சூலகக் கட்டிக்காகச் சத்திரசிகிச்சை பெற்ற பெண்ணொருத்தியின் சிறுநீர்க்கான் சேதமுற்று, சிறுநீர் ஓயாது கசிந்தது. அதனைச் சீர்செய்ய முயன்றும் பயன் கிட்டவில்லை. சீமோன் முதலில் நாய்களில் ஒரு சிறுநீரகத்தை அகற்றி, அவை உயிர்வாழ்வதைக் கண்டார். அதன் பின்னரே 1869 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2 ஆம் நாள் அப்பெண்ணின் சிறுநீரகத்தை அகற்றினார். அவள் நலம் பெற்றாள்.

இஃது எங்ஙனம் இயலும்? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒன்று அகற்றப்பட்டதும் மற்றையதற்குப் பாயும் குருதி பெருகுகின்றது. புதிய வடிகட்டிகள் தோன்றுவதில்லை. உள்ளவையே பருத்து, மிகுதியாக உழைக்கின்றன. நல்ல நிலையிலுள்ள சிறுநீரகம் சில வாரங்களிலோ மாதங்களிலோ, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கைத் தானே செய்யத் தொடங்கும். அன்றாட வாழ்வுக்கு அது போதும். 1954 ஆம் ஆண்டு பொஸ்டன் நகரில் தம் இரட்டைச் சகோதரருக்குச் சிறுநீரகம் ஈந்தவர், எஞ்சிய ஒன்றுடன் 56 ஆண்டுகள் வாழ்ந்தார்.

எனினும், சேமிப்பில் ஒரு பகுதி செலவாகிவிட்டது என்பதை மறத்தலாகாது. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் எஞ்சியதை மெல்ல மெல்லக் கெடுக்கும். ஐபூபுரோபன், டைக்குளோபெனக் போன்ற நோவு மருந்துகளை வைத்தியரைக் கேளாது உட்கொள்ளலாகாது. வாந்தியும் பேதியும் கண்டு உடல் நீர் வற்றினால் தாமதியாது சிகிச்சை பெறவேண்டும். புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளும் சிறுநீரகத்தைத் தாக்கவல்லன. எனவே எந்த வைத்தியரிடம் சென்றாலும், "எனக்கு ஒரு சிறுநீரகமே உண்டு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குருதியிலுள்ள கிரியற்றினின் அளவையும் சிறுநீரில் புரதம் கழிகின்றதா என்பதையும் வைத்தியர் குறித்த காலத்தில் தவறாது சோதித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் தளர்வதை நோவு முன்கூட்டி அறிவிப்பதில்லை, இச்சோதனைகளே அறிவிக்கும். அச்சம் வேண்டா, அவதானம் வேண்டும்.