சாட்டையும் நத்தையும் பாடநூலும்

புதுதில்லி: மனப்பாடக் கல்விக்கு விடைகொடுக்க முயன்றது 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம். அதையொட்டி என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஒன்பதாம் வகுப்புப் பொருளாதார நூல், பாலம்பூர் என்ற கற்பனைக் கிராமத்தில் தொடங்கியது. நிலம், உழைப்பு, மூலதனம் என்பவை இலக்கணமாக அன்றி, வயலும் கூலியும் கடனுமாக அறிமுகமாயின. அரசியல் நூல்களிலோ கேலிச்சித்திரங்கள் இடம்பெற்றன. உன்னி, முன்னி என்ற சித்திரச் சிறார்கள், ஆசிரியரே கேட்கத் தயங்கும் கேள்விகளைக் கேட்டனர்.

பதினோராம் வகுப்பு நூலில் இருந்தது சங்கரின் 1949-ஆம் ஆண்டுச் சித்திரம். அரசியல் சட்டம் என்ற நத்தைமீது அம்பேத்கர். பின்னால் சாட்டையுடன் நேரு. இது அம்பேத்கருக்கு இழிவு என்று 2012 மே 11 அன்று மக்களவையில் தொல். திருமாவளவன் பிரச்னை எழுப்பினார். அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்தார். தலைமை ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் அன்றே விலகினர்.

தலித் மாணவர் அமர்ந்திருக்கும் வகுப்பில் அந்தச் சாட்டை யார்மீது விழுவதாகத் தோன்றும் என்பது எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று. எனினும் அதை வகுப்பறையே விவாதித்திருக்கலாம்; அவை அதற்கு அவகாசம் தரவில்லை.

பின்னர் அமைந்த தோரட் குழு, பல சித்திரங்களை நீக்கப் பரிந்துரைத்தது. அதன் உறுப்பினரான எம்.எஸ்.எஸ். பாண்டியன் மாறுபட்டார். அரசியலில் ஏற்கத்தகாத ஒன்று, கல்விக்கும் ஒவ்வாததாகிவிடாது என்பது அவர் வாதம்.