சங்கத்தின் இணையதளமும் தேடுபொறியின் பார்வையும்

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் அண்மையில் கூட்டுறவு அங்கத்தினர் சிலருடன் அளவளாவும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நெசவாளரும் பயிரிடுவோரும் கலந்து அமர்ந்திருந்தனர். முதிய நெசவாளர் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஐயா, நம்ம சங்கத்துக்கு இணையதளம் போட்டு இரண்டு வருஷம் ஆச்சு. பெங்களூரிலே இருக்கிற என் பேரன் காஞ்சிப் பட்டுன்னு தேடினால் எங்கெங்கேயோ இருக்கிற கடையெல்லாம் வருது. நம்ம சங்கம் மட்டும் வரக் காணோம். தளம் இருக்குதா, இல்லையா?"

அவ்விடத்திலேயே கைப்பேசியில் பார்த்தோம். தளம் இருந்தது, சேலைப் படங்களும் அழகாகவே இருந்தன. ஆனால் தேடுபொறியின் அட்டவணையில் அத்தளத்தின் ஒரு பக்கமேனும் ஏறவில்லை. குறை சேலையில் இல்லை, விலையிலும் இல்லை. தளத்தை அமைத்த முறையில் இருந்தது. அக்குறைகளை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு நீக்குவது என்பதை அங்கத்தினர் யாவரும் அறியும்படி ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

இது கணிப்பொறி கற்றவர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய பொருளன்று. சங்கத்தின் அலமாரியில் சேலை தேங்கினால் நடைமுறை மூலதனம் முடங்குகிறது. மூலதனம் முடங்கினால் அடுத்த பாவும் பட்டும் ஜரிகையும் அங்கத்தினருக்கு உரிய காலத்தில் வழங்க இயலாது. பாவு வராத தறி சும்மா நிற்கிறது. கூலியும் நின்று போகிறது. ஆகவே வாங்குவோர் நம்மைக் கண்டுபிடிக்கிறார்களா என்னும் கேள்வி, தறிக்குழியில் அமர்ந்திருப்பவரின் அடுப்பை நேரே தொடுகிற கேள்வியாகும்.

தேடுபொறி செய்யும் வேலை யாது?

கூகிள் நிறுவனம் 1998ஆம் ஆண்டில் தோன்றியது. அதுவும் பிற தேடுபொறிகளும் செய்கிற வேலையை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது வருகை: தேடுபொறியின் நிரல் ஒன்று, இணைப்புகளைப் பற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகச் சென்று படிக்கிறது. இரண்டாவது பதிவு: படித்ததைத் தன் அட்டவணையில் ஏற்றுகிறது. மூன்றாவது வரிசை: ஒருவர் ஒரு சொல்லைத் தேடும்போது, ஏறியுள்ள பக்கங்களுள் எது அவருக்குப் பெரிதும் பயன்படும் எனக் கணித்து அடுக்குகிறது.

சங்கத் தணிக்கையும் ஏறக்குறைய இவ்வாறே நடைபெறுவதை அங்கத்தினர் அறிவர். ஆய்வாளர் வருகிறார், பேரேட்டைப் பார்க்கிறார், பிறகே வகைப்பாடு செய்கிறார். அலுவலகம் பூட்டியிருந்தால் வகைப்பாட்டைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அதுபோலவே, முதலிரண்டு படிகள் சீராகாத தளத்துக்கு மூன்றாம் படியில் இடம் தேடுவது வீண் முயற்சி. பலர் முதலிடத்தைப் பெறவே பணம் செலவிடுகின்றனர். கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

முதற் காரியம்: கதவைத் திறத்தல்

ஒவ்வொரு தளத்தின் வாயிலிலும் 'ரோபாட்ஸ்' என்னும் சிறு எழுத்துக் கோப்பு வைக்கப்படுவதுண்டு. வரும் நிரல்கள் எப்பகுதியைப் படிக்கலாம், எதைப் படிக்கலாகாது என்பதை அது சொல்லும். மார்ட்டின் காஸ்டர் என்பவர் 1994இல் முன்மொழிந்த இவ்வழக்கம், 2022இல் முறையான இணையத் தரமாகவும் வெளியிடப்பட்டது. தளம் கட்டப்படும் காலத்தில், அரைகுறை வேலை வெளியே தெரியாதிருக்க, 'டிஸ்அலோ' என்ற சொல்லின் பின் ஒரு சாய்கோடு இட்டுத் தளம் முழுவதையும் அடைத்து வைப்பர். வேலை முடிந்ததும் அவ்வரியை நீக்க மறந்து விடுவர். முசரவாக்கத்தில் நாம் கண்ட தளத்தின் நிலை இதுவே. ஒரு சாய்கோடு இரண்டு ஆண்டுகள் வாயிலை மறித்து நின்றது.

இதனோடு 'நோஇண்டெக்ஸ்' என்னும் குறிப்பொன்றும் பக்கத்தினுள் மறைந்திருக்கக் கூடும். முன்னது படிக்க வராதே என்பது; பின்னது படித்தாலும் அட்டவணையில் ஏற்றாதே என்பது. இரண்டும் வேறு வேறு. இரண்டையும் பார்த்தல் வேண்டும்.

சோதிக்கும் வழி எளிது. கூகிளின் தேடல் கட்டத்தில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் இட்டு, அடுத்து முக்காற்புள்ளியும், இடைவெளியின்றிச் சங்கத்தின் தள முகவரியும் இடுக. அட்டவணையில் ஏறிய பக்கங்கள் வரும். ஒன்றும் வரவில்லையாயின் கதவு அடைபட்டிருக்கக் கூடும் என்று ஐயுறலாம். திட்டமாக அறிய, கூகிள் கட்டணமின்றி வழங்கும் 'சர்ச் கன்சோல்' என்னும் கருவியில் சங்கத்தின் தளத்தைப் பதிவு செய்தல் வேண்டும். எந்தப் பக்கம் ஏறியது, எது ஏறவில்லை, காரணம் யாது என்பதை அது கூறும். பக்கங்களின் முகவரிகளைத் தொகுத்த 'சைட்மேப்' என்னும் பட்டியலையும் அதன் வழியே அளிக்கலாம். கதவு திறந்த மறுநாளே பயன் தெரிய வேண்டுமென எதிர்பார்த்தலாகாது. சில நாட்களோ சில வாரங்களோ ஆகும்.

இரண்டாம் காரியம்: எழுத்து எழுத்தாக இருக்கட்டும்

அதே தளத்தில் விலைப்பட்டியல் முழுவதும் ஒரு படமாக ஏற்றப்பட்டிருந்தது. சங்கத்தின் வரலாறோ, 'பாமினி' போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. இது தமிழ்த் தளங்களுக்கே உரிய இடர் ஆகையால் சற்று விரிவாகக் கூறுகிறோம். பழைய எழுத்துருக்களில், உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்தே; திரையில் தெரியும் வடிவம் மட்டுமே தமிழ். நம் கண்ணுக்குப் 'பட்டு' என்று தோன்றுவது, பாமினியில் தேடுபொறிக்கு 'ஜி, எல், அரைப்புள்ளி, எல்' என்னும் பொருளற்ற கோவையாகவே தெரியும். 'பட்டு' என்று தேடுபவருக்கு அப்பக்கத்தை அது எவ்வாறு எடுத்துக் காட்டும்?

ஆதலின் தமிழ்ப் பகுதிகள் யாவும் யூனிகோடு முறையில் இருத்தல் இன்றியமையாதது. தமிழக அரசும் 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவிலுள்ளதை யூனிகோடாக மாற்றும் கருவிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. விலையும் நீளமும் ஜரிகை விவரமும் எழுத்தாகவே இடம்பெறட்டும். படங்களுக்கும் மாற்றுரை என்னும் சிறு விளக்கம் சேர்க்கலாம். 'படம் 12' என்பதைவிட, 'அரக்கு உடல், பச்சைக் கோர்வைக் கரை, கைத்தறிப் பட்டுச் சேலை' என்பது தேடுபொறிக்கும் பயன்படும். பார்வையற்றோர் கேட்டறியவும் உதவும்.

மூன்றாம் காரியம்: பெயரும் தலைப்பும்

நம் ஊரின் பெயர் ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்படுகிறது. 1904ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் இந்நகரில் பதிவானபோது வழங்கிய எழுத்துக்கூட்டல் ஒன்று. இன்று அரசு அலுவலகங்களில் வழங்குவது வேறொன்று. வெளியூர்ச் சந்தையில் 'காஞ்சிவரம்' என்பதே பெருவழக்கு. புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் 2005-06இல் பதிவு பெற்ற பெயரோ 'காஞ்சீபுரம் பட்டு' என்பது. வாங்குவோர் எப்பெயரால் தேடுவர் என்பது அவர்கள் விருப்பம். நம் பக்கத்தின் வாசகத்தில் இப்பெயர்கள் இயல்பாக இடம்பெற்றிருந்தால், எவ்வழியில் தேடினும் நாம் அகப்படுவோம்.

அதற்காக ஒரே சொல்லை நூறு முறை அடுக்குவது பேதைமை. அது தரத்தைக் குறைக்கும். 'கீவேர்ட்ஸ்' என்னும் மறைகுறிப்பில் சொற்களைக் குவிப்பதும் பயனற்றது. வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகிள் 2009இலேயே அறிவித்து விட்டது. பக்கந்தோறும் தனித் தலைப்பு இருத்தலே முக்கியம். எல்லாப் பக்கத்துக்கும் 'முகப்பு' என்று பெயரிட்டிருப்பது, சிட்டாவுக்கும் பேரேட்டுக்கும் ரசீதுப் புத்தகத்துக்கும் ஒரே அட்டையைப் போட்டு வைப்பதற்கு ஒப்பாகும்.

நிற்க. புவிசார் குறியீடு பெற்ற பெயரைக் காக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் தேடல் பட்டியலில் இடத்தைச் சட்டம் பெற்றுத் தராது. வேறெங்கோ விசைத்தறியில் ஓடிய துணியைக் காஞ்சியின் பெயரால் விற்பவர் தம் தளத்தை ஒழுங்காக வைத்திருந்தால், அவரே முன்னால் தெரிவார். உண்மையில் நெய்பவர் பின்னால் மறைந்து போவார்.

நான்காம் காரியம்: ஒரு பொருளுக்கு ஒரு முகவரி

ஒரே பக்கம் நான்கு முகவரிகளில் திறப்பதுண்டு. முகவரியின் முன் மூன்று 'டபிள்யூ' எழுத்துகள் இருந்தும் திறக்கும், இல்லாமலும் திறக்கும்; பாதுகாப்புள்ள 'எச்டிடிபிஎஸ்' வழியாகவும் திறக்கும், பழைய வழியாகவும் திறக்கும். பாதுகாப்புள்ள முகவரி ஒன்றையே நிலையாகக் கொண்டு, ஏனையவற்றை '301' என்னும் நிலையான மாற்றத்தால் அதற்குத் திருப்பிவிட வேண்டும். '302' என்பது தற்காலிக மாற்றத்தைக் குறிக்கும். முகவரியை முற்றாக மாற்றுவோர் அதை இடலாகாது.

கைத்தறிச் சங்கங்களுக்கு இங்கே தனிச் சிக்கல் ஒன்றுண்டு. நம் சேலை பெரும்பாலும் ஒன்றைப் போல் மற்றொன்று இராது. விற்றவுடன் அதன் பக்கத்தையும் நீக்கி விடுகிறோம். அப்பக்கம் நாளடைவில் பெற்ற மதிப்பும் அதனுடன் போய்விடுகிறது. ஆகவே 'கோர்வைச் சேலை', 'முகூர்த்தச் சேலை', 'கட்டம் போட்ட சேலை' என வகைக்கு ஒரு நிலையான பக்கம் அமைத்து, இருப்பிலுள்ள சேலைகளை அதன்கீழ்க் காட்டுவது நலம். சேலைகள் வரும், போகும். வகைப் பக்கம் நிலைத்து நிற்கும். சீரகச் சம்பா அரிசியோ விதையோ விற்கும் பயிரிடுவோர் சங்கங்களுக்கும் இவ்விதி பொருந்தும். அறுவடைக்கு அறுவடை பக்கத்தை மாற்றாது, அதே பக்கத்தில் புதிய விவரம் சேர்க்கலாம்.

ஐந்தாம் காரியம்: விரைவும் கைப்பேசியும்

கூகிள் இன்று தளங்களைக் கைப்பேசியில் தோன்றும் வடிவத்திலேயே படித்துப் பதிவு செய்கிறது. 2016இல் அறிவிக்கப்பட்ட இம்மாற்றம் 2023இல் நிறைவெய்தியது. எனவே அலுவலகக் கணிப்பொறியில் அழகாகத் தெரிந்தால் போதும் என்றிருத்தல் தவறு. பக்கத்தின் முதன்மையான பகுதி இரண்டரை வினாடிக்குள் தோன்றுவது நல்ல அளவு என அந்நிறுவனமே வகுத்திருக்கிறது. கேமராவிலிருந்து எடுத்த பெரிய படத்தை அப்படியே ஏற்றுவதே தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம். முந்தானையின் நுட்பம் தெரியும் அளவுக்கு வைத்துக்கொண்டு, மிகுதியைச் சுருக்குக.

நிர்வாகக் குழு கவனிக்க வேண்டியவை

ஆய்வாளர் என்ற முறையில் மூன்று எச்சரிக்கைகளைக் கூறி முடிக்கிறோம்.

ஒன்று: தளத்தின் முகவரி சங்கத்தின் பெயரிலேயே பதிவாகியிருக்கட்டும். தளம் அமைத்தவரின் பெயரில் இருப்பின், அவரோடு பிணக்கு நேரும் நாளில் சங்கம் தன் பெயரையே இழக்கும். கடவுச்சொற்களையும் புதுப்பிக்க வேண்டிய தேதியையும் சங்கப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும். கூட்டுறவு நிறுவனங்களுக்கென்றே 2002 முதல் 'டாட் கூப்' என்னும் முகவரி முடிவு வழங்கி வருகிறது. அதனால் வரிசையில் முன்னிடம் கிடைத்து விடாது. ஆயினும் நாம் யாரென்பதை அது சொல்லும்.

இரண்டு: "முதலிடம் பெற்றுத் தருகிறோம்" என்று உறுதி கூறிப் பணம் கேட்பவரிடம் தீர்மானம் நிறைவேற்றுமுன் எச்சரிக்கையாக இருங்கள். அவ்வுறுதியை எவராலும் தர இயலாது என்பதைக் கூகிளே தெரிவித்துள்ளது. விலைக்கு வாங்கிய இணைப்புகள் தளத்துக்குத் தீங்கும் விளைவிக்கக் கூடும்.

மூன்று: வேலை கொடுக்கும்போது மேற்கூறிய ஐந்தையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள், அவை நிறைவேறியதைச் சோதித்த பின்னரே இறுதித் தொகையை வழங்குங்கள்.

முசரவாக்கத்தில் நாம் விடைபெறுமுன், தளம் அமைத்தவருக்குச் சங்கச் செயலாளர் தொலைபேசியில் பேசி, அந்தச் சாய்கோட்டை நீக்கச் செய்தார். அதற்குச் செலவு ஒன்றும் ஆகவில்லை. முதியவர் மட்டும் திருப்தியடையவில்லை. "இரண்டு வருஷமா இதை ஒருத்தரும் பார்க்கலியே?" என்றார். அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. இதை வாசிக்கும் அங்கத்தினர், தம் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே அதை எழுப்புவாராக.