செக்யூரிட்டி ப்ளஸ் தேர்வு: மனப்பாடம் மட்டும் போதுமா?

நெட்வொர்க் செக்யூரிட்டி துறைக்குள் நுழைய விரும்பும் பலரும் முதலில் எழுதுவது காம்ப்டியா அமைப்பின் செக்யூரிட்டி ப்ளஸ் தேர்வைத்தான். நானும் எழுதினேன். முதல் முறை தேறவில்லை. போர்ட் எண்களும் சுருக்கப் பெயர்களும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் திரையில் ஒரு ஃபயர்வாலைக் காட்டி, அதைச் சரிசெய்யச் சொன்னதும் கை ஓடவில்லை. சம்பளத்தில் சேர்த்துக் கட்டிய கட்டணம் போனது போனதுதான். உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

தேர்வின் அமைப்பு

2023 நவம்பரில் வெளியான எஸ்ஒய்0-701 பதிப்பில் 90 நிமிடங்களில் அதிகபட்சம் 90 கேள்விகள் வரும். 100 முதல் 900 வரையிலான அளவில் 750 பெற்றால் தேர்ச்சி. பாடங்கள் ஐந்து பிரிவுகள்: பொதுவான பாதுகாப்புக் கருத்துகள் 12%, அச்சுறுத்தல்களும் பலவீனங்களும் 22%, பாதுகாப்புக் கட்டமைப்பு 18%, அன்றாடப் பாதுகாப்புப் பணிகள் 28%, நிர்வாகமும் மேற்பார்வையும் 20%. பழைய 601 பதிப்பு 2024 ஜூலை 31-உடன் நிறுத்தப்பட்டது. எனவே புத்தகம் வாங்கும் முன் பதிப்பு எண்ணைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

என்னை வீழ்த்திய கேள்வி

விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு, செய்து காட்ட வேண்டிய கேள்விகளும் உண்டு. ஃபயர்வால் தன் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்தும் விதியையே செயல்படுத்தும். 'அனைத்தையும் தடு' என்ற விதி முதல் வரியில் இருந்தால், அதற்குக் கீழே 443-ஆம் போர்ட்டை அனுமதித்தாலும் பயனில்லை. இந்த வரிசைதான் எனக்கு அன்று பிடிபடவில்லை.

வீட்டிலேயே ஒரு லேப்

8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர் போதும். இலவசமாகக் கிடைக்கும் வெர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதில் காலி லினக்ஸ், உபுண்டு என இரண்டு வெர்ச்சுவல் மெஷின்களை உருவாக்குங்கள். உபுண்டுவில் டெல்நெட், எஸ்எஸ்ஹெச் சர்வர்களை நிறுவியபின், இரண்டையும் ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்கிற்கு மாற்றிவிடுங்கள். உங்கள் சோதனை வெளியே போகாது.

இப்போது காலியில் வயர்ஷார்க்கை இயக்கிவிட்டு, உபுண்டுவிற்கு டெல்நெட் மூலம் லாகின் செய்யுங்கள். பதிவான பாக்கெட் ஒன்றில் ரைட் க்ளிக் செய்து 'ஃபாலோ டிசிபி ஸ்ட்ரீம்' கொடுத்தால், உங்கள் பாஸ்வேர்ட் அப்படியே திரையில் தெரியும்! அதையே எஸ்எஸ்ஹெச் மூலம் செய்தால் புரியாத குறியீடுகள்தான் வரும். டெல்நெட்டின் 23-க்குப் பதிலாக எஸ்எஸ்ஹெச்சின் 22-ஐ ஏன் பயன்படுத்த வேண்டும் என்பது அதன்பின் மறக்கவே மறக்காது. அடுத்து உபுண்டுவின் ஃபயர்வாலில் விதிகளின் வரிசையை மாற்றி மாற்றி, எப்போது இணைப்பு கிடைக்கிறது என்று பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று, இந்தச் சோதனைகளை உங்கள் மெஷின்களில் மட்டுமே செய்ய வேண்டும். அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் அனுமதியின்றி நுழைவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைக்கு வழி வகுக்கும்.

இரண்டு, 'உண்மையான தேர்வுக் கேள்விகள்' என்று விற்கப்படும் டம்ப்புகளை வாங்காதீர்கள். கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழையே காம்ப்டியா ரத்து செய்யலாம். பிடிபடாவிட்டாலும், வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

தேர்வு நாளில்

செய்து காட்டும் கேள்விகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வரும். நேரம் இழுத்தால் அவற்றைக் குறித்து வைத்துவிட்டு, மற்றவற்றை முடித்தபின் திரும்புங்கள். முதல் முறை தவறினால் இரண்டாம் முறைக்குக் காத்திருப்புக் காலம் இல்லை. ஆனால் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

இரண்டு மாதம் தினமும் ஒரு மணி நேரம் லேப்பில் உட்கார்ந்தபின் நான் தேறினேன். புத்தகம் அதே புத்தகம்தான். படித்ததைச் செய்து பார்த்தது மட்டுமே வித்தியாசம். நீங்களும் செய்து பாருங்கள்!