பரண் காத்த நிறங்கள்

வீட்டுக்கு பெயின்ட் அடிக்க ஆள் வந்தபோதுதான் ஹால் ஷோகேஸைக் காலி செய்தோம். செட்டியார் பொம்மைக்கு ஜோடியான ஆச்சியை எடுத்துத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். முன்பக்கம் புடவை வெளிறி, சோறு வடித்த கஞ்சி நிறத்தில் இருந்தது. முதுகுப் பக்கம் பளிச்சென்று ரோஸ், பாட்டி காலத்து அதே ரோஸ். இடுப்பை ஒட்டி மடங்கிய கையை லேசாகச் சாய்த்துப் பார்த்தால், கை மறைத்த இடத்தில் மட்டும் ஒரு விரற்கடை அகலத்துக்குப் பழைய நிறம் ஒளிந்திருந்தது. ஐம்பது கொலு பார்த்த பொம்மை அது. எங்கள் ஷோகேஸில் ஆறே வருடத்தில் முகம் இழந்துவிட்டது.

ஷோகேஸ் மேற்கு ஜன்னலுக்கு நேர் எதிரே. கண்ணாடிக் கதவு இருக்கிறதே என்று நம்பினேன். சாதாரணக் கண்ணாடி, புற ஊதாக் கதிரில் 'பி' வகையைத்தான் பெருமளவு தடுக்கும். 'ஏ' வகை தாராளமாக உள்ளே வரும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமோ ஏறக்குறைய முழுசாகவே வரும். அதுவும் நிறத்தைத் தின்னும். நீலமும் ஊதாவும் கூடுதலாக.

இந்த வேதியியல் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. வெள்ளைச் சட்டையில் சாம்பார் கறை பட்டால் சோப்புப் போட்டு அலசி வெயிலில் உலர்த்துவோம். மஞ்சள் இருந்த இடம் தெரியாமல் போகும். மஞ்சளின் நிறமூலக்கூறை வெயில் உடைத்துவிடுகிறது. கறைக்கு நாம் வேண்டிச் செய்வதை, பொம்மையின் சாயத்துக்கு வெயில் கேட்காமலே செய்கிறது. காவி, சுண்ணாம்பு வெள்ளை மாதிரி மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வரும் நிறங்கள் தாக்குப்பிடிக்கும். ரோஸ், மஜந்தா, சில வகைச் சிவப்பு, மஞ்சள் முதலில் போகும். நம் பொம்மைகளில் அழகே அந்த நிறங்களில்தானே இருக்கிறது!

பெரிய இடங்களும் இதில் தப்பவில்லை. மார்க் ராத்கோவின் பிரம்மாண்ட ஓவியங்களை ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1964-ல் வெயில் விழும் சாப்பாட்டு அறையில் மாட்டியது. அவர் கலந்திருந்த லித்தால் ரெட் என்ற சிவப்பு வெளிச்சத்தைத் தாங்காதது. நிறம் வெளுத்து, 1979-க்குள் எல்லாவற்றையும் கழற்றும்படி ஆனது. 2014-ல் மறுபடி காட்சிக்கு வைத்தபோது தூரிகை தொடவில்லை. போன நிறத்தைப் புரொஜெக்டர் ஒளியாக ஓவியத்தின் மேல் விழவைத்தார்கள். அவ்வளவு பணமும் அறிவும் இருந்த இடத்திலேயே, வெளிச்சம் கொண்டுபோனதைத் திரும்ப வாங்க முடியவில்லை.

அருங்காட்சியகங்கள் அதனால்தான் வெளிச்சத்தை ரேஷன் போல் அளந்து கொடுக்கின்றன. சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 2004-ல் வகுத்த பரிந்துரைப்படி, மிக எளிதில் மங்கும் பொருளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம். வருடத்துக்கு மொத்தம் 15,000 லக்ஸ்-மணி. வெளிச்சத்தின் அளவைப் பட்ட நேரத்தால் பெருக்கினால் வரும் கணக்கு இது.

பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டியூப்லைட் போட்ட அறையில் 200 லக்ஸ் என்று வைப்போம். பத்து நாள் கொலு, தினம் ஐந்து மணி நேரம்: 10,000 லக்ஸ்-மணி. அருங்காட்சியக வரம்புக்கு உள்ளேயே நிற்கிறது! ஜன்னல் எதிரிலோ, குறைத்துப் போட்டாலும் 2,000 லக்ஸ், பகலில் பத்து மணி நேரம், 365 நாள்: 73 லட்சம். ஜன்னலோரத்து ஒரு வருடம், 730 கொலுவுக்குச் சமம். புற ஊதா தனிக்கணக்கு.

விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றிய பாட்டிமார் லக்ஸ் கணக்குப் போட்டதில்லை. ஆனால் அவர்கள் செய்தது மிகச் சரியான பாதுகாப்பு. பண்ருட்டி காகிதக்கூழ் பொம்மையோ விளாச்சேரி மண் பொம்மையோ, தலைமுறை தாண்டி நம் கைக்கு வந்ததில் அந்த இருட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மறந்து, அழகாக இருக்கிறதே என்று வருடம் முழுக்கப் பார்வைக்கு வைத்தது என் தலைமுறை.

அடுத்த தலைமுறையும் அப்படித்தான். அண்ணன் மகன் பொம்மை சேர்ப்பவன். அவனுடையவை ஜப்பானிய அனிமே உருவங்கள், பி.வி.சி. வெயில் பட்டால் பி.வி.சி.யின் வெள்ளை மஞ்சளாகும், சூட்டில் இளகிக் கால் வளையும். அவற்றில் கோகு என்பவன் ஒரு கோடைக்குள் முன்னால் சாய்ந்துவிட்டான்.

பார்வைக்கு வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் முதலில் இடத்தைப் பாருங்கள். கிழக்கும் மேற்கும் மோசம். சூரியன் தாழ்ந்து வந்து அறையின் உள்சுவர் வரை தொடும். வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்பது நம் ஊருக்குப் பொருந்தாது. சித்திரை நடுவிலிருந்து ஆடி முடிய உச்சிச் சூரியனே நமக்கு வடக்கே போய்விடுகிறது. ஜன்னல் இருக்கும் அதே சுவரின் உட்புறம்தான் நல்ல இடம். வெயில் நேராக விழாது. கண்ணாடிக்கு யூ.வி. ஃபிலிம் ஒட்டலாம், நல்லதுதான், ஆனால் அது பாதிக் காவல். மீதிக்குக் கனமான திரை வேண்டும். ஷோகேஸ் உள்ளே எல்.இ.டி. போதும், அதையும் ஆள் இருக்கும்போது மட்டும் போடுங்கள்.

சந்தேகம் இருந்தால் ரோஸ் நிற சார்ட் பேப்பர் துண்டு ஒன்றை எடுத்து, பாதியை அலுமினியத் தாளால் இறுக்கி மூடி ஷோகேஸில் வையுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தாளைப் பிரித்தால் நடுவில் கோடு விழுந்திருக்கும். அருங்காட்சியகங்கள் நீலக் கம்பளித் துண்டுகளை வைத்துச் செய்யும் சோதனையின் வீட்டு வடிவம் இது.

ஆச்சிக்குப் புதுப் பெயின்ட் அடித்துத் தருவதாக ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். புடவை விளிம்பில் மெல்லிய தூரிகையால் இழுத்த ஜரிகைக் கோடு இன்னும் தெரிகிறது. மேலே அடித்தால் அதுவும் போய்விடும். அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்துச் செட்டியாருக்கு ஒரு பாதி, ஆச்சிக்கு ஒரு பாதி. இருவரும் இப்போது பரணில், கரப்பும் ஈரமும் அண்டாத தகரப் பெட்டியில் இருக்கிறார்கள். புரட்டாசியில் இறக்குவோம்.