பிசினஸ் வகுப்பில் இலவச இருக்கை: அதிர்ஷ்டமா, கணக்கா?

பள்ளி விடுமுறை. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் கோத்தா கினபாலு செல்லும் விமானத்துக்காக நீங்கள் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முகப்பில் இருக்கும் பணியாளர் நான்கு பயணிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்கிறார். அவர்கள் கையிலிருந்த போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுக்கிறார். சிக்கன வகுப்புக்குப் பணம் கட்டியவர்களுக்குப் பிசினஸ் வகுப்பில் இருக்கை! கூடுதலாக ஒரு சென்கூட அவர்கள் கட்டவில்லை.

அடுத்த ஐந்து நிமிடத்தில் அதே முகப்பில் இன்னொரு பயணி நிற்கிறார். கல்லூரிப் பதிவுக்காகப் புறப்பட்ட மாணவி. அவர் கையில் உறுதி செய்யப்பட்ட டிக்கெட் இருக்கிறது. “மன்னிக்கணும்மா, விமானம் நிறைந்துவிட்டது. அடுத்த விமானத்தில் அனுப்புகிறோம்” என்கிறார் பணியாளர்.

நால்வருக்கு யோகம், ஒருவருக்குத் துரதிர்ஷ்டம் என்று நாம் சொல்லிவிடுவோம். உண்மையில் ஐவரின் நிலையையும் முடிவு செய்தது ஒரே கணக்குதான். அந்தக் கணக்கைப் போடுவதற்கு உங்கள் பள்ளி நிகழ்தகவுப் பாடமே போதும்.

இருப்பதைவிட அதிகமாக விற்பது ஏன்?

காலையில் கட்டிய நாசி லெமாக் பொட்டலம் மதியத்துக்குள் விற்காவிட்டால் வீண். விமான இருக்கையும் அப்படித்தான். விமானம் தரையைவிட்டு எழும்பிய நொடியில், காலியாக இருக்கும் இருக்கையின் மதிப்பு பூஜ்யம். அதை எடுத்துவைத்து நாளைக்கு விற்க முடியாது.

டிக்கெட் வாங்கிய எல்லாரும் வந்துவிடுவதும் இல்லை. காய்ச்சலில் படுத்துவிடுவார்கள், நெரிசலில் மாட்டிக்கொள்வார்கள், கூட்டம் இரத்தானதால் பயணத்தையே மாற்றிவிடுவார்கள். ஆகவே பல விமான நிறுவனங்கள் இருக்கைகளின் எண்ணிக்கையைவிடச் சற்று அதிகமாக டிக்கெட் விற்கின்றன. இதற்கு மிகை முன்பதிவு என்று பெயர். எத்தனை டிக்கெட் அதிகமாக விற்கலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு சின்ன விமானம்

20 இருக்கைகள் கொண்ட ஒரு விமானத்தைக் கற்பனை செய்யுங்கள். எடுத்துக்காட்டுக்கு, டிக்கெட் வாங்கிய ஒருவர் வந்து சேர்வதற்கான நிகழ்தகவு 0.9 என்று கொள்வோம். அதாவது பத்துப் பேரில் ஒருவர் வரமாட்டார். நிறுவனம் 21 டிக்கெட் விற்கிறது.

சிக்கல் எப்போது வரும்? 21 பேரும் தவறாமல் வந்தால் மட்டுமே. 0.9 என்ற எண்ணை 21 முறை பெருக்கிப் பாருங்கள். சுமார் 0.11 வரும். நூறு பயணங்களில் ஏறக்குறைய 11 பயணங்களில் ஒருவருக்கு இடம் இருக்காது.

இப்போது பெரிய விமானம்

சிக்கன வகுப்பில் 180 இருக்கைகள் இருக்கின்றன. முன்புபோலவே 5 விழுக்காடு கூடுதலாக, 189 டிக்கெட் விற்கிறோம். சிக்கல் வரும் வாய்ப்பு இப்போதும் 11 விழுக்காடுதானா?

இல்லை. அரை விழுக்காட்டுக்கும் குறைவு! படிவம் 5 கூடுதல் கணிதத்தில் வரும் ஈருறுப்புப் பரவலைக் கொண்டு இதைக் கணக்கிடலாம்.

காரணம் இதுதான். கூட்டம் பெரிதாகப் பெரிதாக, சராசரியைவிட்டு எண்ணிக்கை ஏறி இறங்கும் அளவு விகிதத்தில் குறைந்துகொண்டே போகும். 21 பேர் கொண்ட குழுவில் சராசரியாக 18.9 பேர் வருவார்கள். திட்ட விலக்கம் அந்தச் சராசரியில் சுமார் 7 விழுக்காடு. 189 பேரில் அது 2.4 விழுக்காடு மட்டுமே. நாணயத்தை நான்கு முறை சுண்டினால் நான்கும் தலையாக விழலாம். நானூறு முறை சுண்டினால் விழுமா? அதே விதிதான் இங்கும் வேலை செய்கிறது.

எனவே பெரிய விமானத்தில் நிறுவனத்துக்குத் துணிச்சல் கூடுகிறது. 195 டிக்கெட் விற்கிறது என்று கொள்வோம். இப்போது 180 பேருக்கு மேல் வந்துவிடும் வாய்ப்பு மறுபடியும் சுமார் 11 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். இது ஆபத்தான அளவு. ஆனால் நிறுவனத்தின் கையில் இன்னொரு வழி இருக்கிறது.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்

விமானத்தின் முன்பகுதியில், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், பிசினஸ் வகுப்பு இருக்கிறது. அங்கே நான்கு இருக்கைகள் விற்காமல் கிடக்கின்றன. சிக்கன வகுப்பில் ஆள் மிஞ்சினால் நான்கு பேரை அங்கே உட்கார வைக்கலாம். அப்படியானால் இனி 184 பேருக்கு மேல் வந்தால்தான் சிக்கல். அதற்கான வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? சுமார் 1 விழுக்காடு.

நான்கே நான்கு காலி இருக்கைகள் ஆபத்தை 11 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்குக் குறைத்துவிட்டன. பிரஷர் குக்கரில் ஆவி மிஞ்சினால் திறந்துகொள்ளும் வால்வுபோல, பிசினஸ் வகுப்பின் காலி இருக்கைகள் இங்கே வேலை செய்கின்றன. இலவச வகுப்பு உயர்வின் இரகசியம் இதுதான். நிறுவனம் யாருக்கும் பரிசு கொடுக்கவில்லை. பின்னால் ஓர் இருக்கை தேவைப்பட்டது. அதற்காக ஒருவரை முன்னால் நகர்த்தியது.

யார் பெயரை அழைப்பார்கள்?

“கோட்டும் சூட்டும் போட்டுப் போ, சிரித்துப் பேசு, கிடைக்கும்” என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். பெரும்பாலும் பட்டியலைத் தயாரிப்பது கணினி. அதற்கு உங்கள் சட்டை தெரியாது. அந்த நிறுவனத்தில் நீங்கள் எவ்வளவு அடிக்கடி பறக்கிறீர்கள், எந்த விலையில் டிக்கெட் வாங்கினீர்கள் போன்ற விவரங்களே அதற்குத் தெரியும். அடிக்கடி பறப்பவர் முதலில் வருவார். தனியாகப் பயணம் செய்பவரை நகர்த்துவதும் எளிது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தைப் பிரிக்க முடியாது அல்லவா?

பணம் கட்டி ஏலம் கேட்பது

இப்போது மலேசியா ஏர்லைன்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உட்படப் பல நிறுவனங்கள், வகுப்பு உயர்வுக்குத் தகுதியுள்ள பயணிகளை விலை கேட்க விடுகின்றன. நீங்கள் ஒரு தொகையைக் குறிப்பிடலாம். நிறுவனம் ஏற்றுக்கொண்டால் இருக்கை உங்களுக்கு.

நிறுவனம் எப்படி முடிவெடுக்கும்? பிசினஸ் இருக்கையின் முழு விலை 2,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். கடைசி நேரத்தில் அதை முழு விலைக்கு வாங்க ஒருவர் வரும் நிகழ்தகவு 0.3. இரண்டையும் பெருக்கினால் 600 ரிங்கிட். இதை எதிர்பார்ப்பு மதிப்பு என்பார்கள். நீங்கள் 700 கேட்டால் கொடுப்பது இலாபம். 500 கேட்டால் காத்திருப்பதே மேல். ஆனால் புறப்படும் நேரம் நெருங்க நெருங்க அந்த 0.3 குறையும். அது 0.1 ஆகும்போது எதிர்பார்ப்பு மதிப்பு 200 ரிங்கிட்தான். அப்போது 500 ரிங்கிட்டே நல்ல விலை!

இந்தச் சிந்தனைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் கென்னத் லிட்டில்வுட். பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் பணியாற்றிய இவர், மலிவு டிக்கெட்டை எதுவரை விற்கலாம் என்பதற்கு 1972-இல் ஒரு விதியை வகுத்தார். மலிவு விலை, முழு விலையையும் அது கிடைக்கும் நிகழ்தகவையும் பெருக்கி வரும் தொகைக்குக் குறையாதவரை விற்கலாம் என்பதே அதன் சாரம். நாம் மேலே போட்டதும் அதே கணக்குதான்.

ஏலத்தில் வென்று முன்னால் போகிறவரும் பின்னால் ஓர் இருக்கையைக் காலி செய்கிறார். முன்பு இலவசமாகத் திறந்த வால்வு இப்போது பணமும் ஈட்டித் தருகிறது. அப்படியிருக்க, இலவச உயர்வுக்கு மிஞ்சும் இருக்கைகள் குறைவது இயல்புதானே?

கணக்கு எங்கே சறுக்கும்?

ஒருவர் வருவதும் வராததும் மற்றவரைச் சார்ந்ததல்ல என்று எண்ணித்தான் நாம் 0.9 என்ற எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கினோம். நிஜ வாழ்க்கை அப்படியில்லை. குடும்பம் வந்தால் ஐவரும் வருவார்கள். வராவிட்டால் ஐவரும் வரமாட்டார்கள். முதல் விமானம் தாமதமானால், அதிலிருந்து மாறிவர வேண்டிய எல்லாருமே தவறவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தைய நாள் ஊருக்குப் போகிறவர்கள் எப்பாடு பட்டாவது வந்துவிடுவார்கள், அன்றைக்கு 0.9 பொருந்தாது. அதனால்தான் நிறுவனங்கள் ஒவ்வொரு தடத்துக்கும் நாளுக்கும் பழைய பதிவுகளை அலசி, எண்களை மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

எவ்வளவு அலசினாலும் அந்த 1 விழுக்காடு முழுதாக மறைவதில்லை. நாம் தொடக்கத்தில் பார்த்த நாளில் 185 பேர் வந்துவிட்டார்கள். நால்வர் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போனார்கள். மிஞ்சிய ஒருவர் அந்த மாணவி.

வெளியே நிற்பவருக்கு என்ன நியாயம்?

1972-இல் அமெரிக்காவில் ரால்ப் நாடர் என்ற பயனீட்டாளர் உரிமைப் போராளிக்கும் இதே கதி நேர்ந்தது. உறுதி செய்த இருக்கை இருந்தும், விமானத்தில் இடமில்லை என்றார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். அது உச்ச நீதிமன்றம்வரை சென்றது. மிகையாக விற்பதைப் பயணிகளுக்குத் தெரிவிக்காமல் மறைத்ததற்காக நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்க இடமுண்டு என்று 1976-இல் அந்த நீதிமன்றம் கூறியது.

அதற்கும் முன்பே, 1968-இல், ஜூலியன் சைமன் என்ற பொருளியல் அறிஞர் ஓர் எளிய யோசனையை முன்வைத்திருந்தார். யாரை விட்டுச் செல்வது என்று நிறுவனம் ஏன் முடிவெடுக்க வேண்டும்? “எவ்வளவு கொடுத்தால் நீங்கள் அடுத்த விமானத்தில் போகச் சம்மதிப்பீர்கள்?” என்று பயணிகளையே கேட்கலாமே! குறைந்த தொகை கேட்பவருக்கு அதைக் கொடுத்துவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1978-இல், அமெரிக்காவில் தாமாக முன்வருவோரை முதலில் தேடும் முறை நடைமுறைக்கு வந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் தாமாக முன்வருவோரை முதலில் கேட்கச் சொல்கிறது. விருப்பமில்லாதவரை விட்டுச் சென்றால் இழப்பீடு தர வேண்டும். பயணியை நிறுவனமே உயர்ந்த வகுப்பில் அமர்த்தினால், அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்கக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது. மலேசியாவில் 2016-இல் வந்த விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறையும், ஏற மறுக்கப்பட்ட பயணியைக் கைவிடவில்லை. ஆகவே முகப்பில் அப்படி நிற்க நேர்ந்தால் தலைகுனிந்து திரும்பாதீர்கள். மரியாதையாக, “என் உரிமை என்ன?” என்று கேளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

0 முதல் 9 வரை எழுதிய பத்துச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போடுங்கள். ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். 0 வந்தால் அந்தப் பயணி வரவில்லை. இப்படி 21 முறை எடுத்தால் ஒரு பயணம் முடிந்தது. வகுப்பில் முப்பது பேர் ஆளுக்கு ஒரு பயணம் நடத்துங்கள். எத்தனை பேருடைய விமானத்தில் ஒருமுறைகூட 0 வரவில்லை? மூன்று பேர் அளவில் கை தூக்கினால் வியப்படையாதீர்கள்.

பிறகு ஆசிரியரோடு ஒரு கேள்வியை விவாதியுங்கள். பள்ளிச் சுற்றுலாப் பேருந்தில் 40 இருக்கைகள். வழக்கமாக இரண்டு பேர் வருவதில்லை. 42 பேரிடம் பணம் வாங்கலாமா? வாங்கினால், 42 பேரும் வந்துவிடும் காலையில் யாரை இறக்கிவிடுவீர்கள்? முதல் கேள்விக்கு நிகழ்தகவு உதவும். இரண்டாவதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.