மகன் வீட்டுக்குப் போறீங்களா? பாதத்தைப் பாருங்க!

‘அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போறோம் டாக்டர். ஆறு மாசம் நாலு சுவருக்குள்ளே எப்படி இருக்கிறது?’ என்று என்னிடம் வரும் பெரியவர்கள் கேட்பதுண்டு. ‘பக்கத்தில் ஸ்டேட் பார்க் எங்கே இருக்குன்னு மகனைக் கேளுங்க’ என்பேன்.

ஸ்டேட் பார்க் என்றதும் நம்ம ஊர் பூங்கா மாதிரி ஊஞ்சலும் சிமெண்ட் பெஞ்சும் என்று நினைத்துவிடாதீர்கள். மாநில அரசு பராமரிக்கும் காடு, ஆறு, அருவி எல்லாம் சேர்ந்தது அது. நான் பார்த்தது நியூயார்க் மாநிலத்து லெட்ச்வொர்த். ராச்செஸ்டர் நகரிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். ஜெனசி ஆறு பாறையை அறுத்து ஓடுகிறது. பள்ளத்தின் ஆழம் சில இடங்களில் 550 அடி! மூன்று பெரிய அருவிகள். 66 மைல் நடைபாதை. வில்லியம் லெட்ச்வொர்த் என்ற தொழிலதிபர் 1859-ல் இங்கே நிலம் வாங்கி, மரம் வளர்த்து, 1906-ல் அரசுக்கே கொடுத்துவிட்டார்.

பனி உருகும் வசந்தத்தில் அருவி பொங்கும். கோடையில் முகாம், படகு. அக்டோபரில் இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகும். பனிக்காலத்தில் பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடுவார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்குச் சர்க்கரை உண்டு. அக்டோபரில் போனேன். மகன் வாங்கித் தந்த புது ஷூவைப் போட்டுக்கொண்டு, கீழ் அருவிக்குக் கல்படிகளில் இறங்கி ஏறினேன். ஒரு வலியும் இல்லை. ‘பார்த்தியா, என் தெம்பை!’ என்று பெருமை வேறு. வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: ‘என்னங்க, சாக்ஸ்ல ரத்தம்?’ குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. வலிக்கவே இல்லை என்பதுதான் பயமே! பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. ஊருக்கு உபதேசம் செய்கிறவன் நான். என் காலை நான் பார்க்கவில்லை. மறுநாளே அங்குள்ள டாக்டரிடம் காட்டினோம். ஆற மூன்று வாரமாயிற்று.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை:

* புது ஷூவை வீட்டுக்குள் பத்து நாள் போட்டுப் பழகுங்கள். தடித்த பருத்தி அல்லது கம்பளி சாக்ஸ் அவசியம்.

* திரும்பியதும் விரலிடுக்கு வரை பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

* குளிரில் வாதம் மிகும், மூட்டுப் பிடிக்கும் என்பது சித்த மருத்துவம். உடம்பைச் சூடாக்கிக்கொண்டு மெதுவாகத் தொடங்குங்கள். ஃபிளாஸ்கில் சுக்குவெந்நீர் எடுத்துப் போங்கள்.

* இன்சுலின், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நடக்கும்போது சர்க்கரை இறங்கலாம்; பையில் மிட்டாய் இருக்கட்டும்.

* மூன்று மூன்றாக இலை விடும் நச்சுக்கொடி ஒன்று உண்டு. பட்டால் அரித்துக் கொப்பளிக்கும். மூலிகை என்று எதையும் பறிக்காதீர்கள்.

* கோடையில் புல்லில் உண்ணி ஏறும். முழுக்கால் பேண்ட் போடுங்கள். வீடு வந்ததும் உடம்பைச் சோதியுங்கள்.

மறு வருஷமும் போனேன். அதே படிகள், பழகிய ஷூ. வீடு வந்ததும் சாக்ஸைக் கழற்றியவள் என் மனைவிதான். நீங்களும் போய் வாருங்கள். உங்கள் காலைப் பார்க்க ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.